நாடகம் முடியப் பத்தரை, பிள்ளைக்கு விடிய ஐந்தே முக்கால்

கேள்வி:

டொக்டர், நாங்கள் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும்தான். மகனுக்கு ஆறரை வயது, தரம் ஒன்று. மகளுக்கு மூன்றரை. ஹோலில்தான் காற்று நன்றாக வரும், பெரிய ஃபேனும் அங்கேதான். அதனால் பிள்ளைகளுக்கும் அங்கேயே பாய் விரிக்கிறோம். ரீவியும் ஹோலில்தான். மாமி ஆறரைக்குப் போட்டால் கடைசி நாடகம் முடியப் பத்தரை ஆகும். மகன் அதுவரை கண் மூட மாட்டான். விடிய ஐந்தே முக்காலுக்கு எழுப்பினால் ஒரே அழுகை. வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ரீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பிவிட்டார். கிழமையில் மூன்று நாள் பின்னேரம் ரியூசன். ரியூசன் இல்லாத நாளில் மூன்று மணியிலிருந்து ஐந்தரைவரை அடித்துப் போட்டது போல் படுக்கிறான். மகள் சில இரவுகளில் படுத்து ஒன்றரை மணித்தியாலத்தில் எழும்பி இருந்து கத்துகிறாள். கண் திறந்திருக்கும், ஆனால் என்னைத் தெரியாது. மாமி பயந்துபோய் நூல் கட்டிக்கொண்டு வந்தா. ரீவியைக் குறைப்போம் என்றால், "இவன்ர அப்பனையும் நான் ரீவியோடதான் வளர்த்தனான், அவன் நல்லாத்தானே இருக்கிறான்" என்கிறா. பக்கத்து வீட்டு அக்கா, தடிமனுக்குக் கொடுக்கிற பாணியில் கொஞ்சம் கொடுத்துப் படுக்க வைக்கச் சொல்கிறார். இரவு ஒன்பதரைக்குக் கணவர் வீடியோ கோல் எடுப்பார், அதற்காகவும் பிள்ளைகள் முழித்திருக்கிறார்கள். நான் எதை நிறுத்துவது, எதை விடுவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பாய். ரீவி பிள்ளைகளின் படுக்கையறையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஹோலில் இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பிள்ளைகளின் பாய் எங்கே விரிகிறதோ அதுதான் அவர்களுடைய படுக்கையறை. அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டு ரீவி பிள்ளைகளின் தலைமாட்டில்தான் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசியுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

மகனின் கணக்கைப் பார்ப்போம். பத்தரைக்கு நாடகம் முடிந்த கையோடு அவன் தூங்கிவிடுகிறான் என்றே வைத்தாலும், ஐந்தே முக்கால்வரை ஏழேகால் மணித்தியாலம்தான் வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்பது அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016ல் வெளியிட்ட பரிந்துரை. ஆகக் குறைந்த ஒன்பதை எடுத்தாலும் ரியூசன் இருக்கிற ஒவ்வொரு நாளும் ஒன்றே முக்கால் மணித்தியாலம் கடன் விழுகிறது. ரியூசன் இல்லாத நாளில் அந்தக் கடனைப் பின்னேரம் அடைத்துவிடுகிறான். ஐந்தரைவரை தூங்கிய பிள்ளைக்கு எட்டு மணிக்கு எப்படி நித்திரை வரும்? அன்றைக்கு இரவு இன்னும் பிந்தும், மறுநாள் காலை இன்னும் மோசமாகும். வகுப்பில் தூங்கி விழுவது சோம்பலும் இல்லை, படிப்பில் கவனக்குறைவும் இல்லை. உடம்பு தனக்குச் சேர வேண்டியதை எங்கே கிடைக்குமோ அங்கே எடுத்துக்கொள்கிறது. இதை ரீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளை ஏச்சு வாங்காமல் இருப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "அவனுக்கு நித்திரையே வாறேல்ல டொக்டர், ஒன்பது மணிக்கும் துள்ளிக்கொண்டு நிக்கிறான்." பெரியவர்களுக்கு நித்திரை குறைந்தால் கண் சொக்கும், தலை சாயும். சின்னப் பிள்ளை பல வேளைகளில் நேர்மாறாக நடக்கும். ஓடும், சிரிக்கும், அடிபடும், ஒன்றுமில்லாததற்கு அழும். அந்தத் துள்ளலைப் பார்த்து இவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அவனுடைய நேரம் வந்து, கடந்தும் போய்விட்டது.

சரி, இதில் ரீவியின் பங்கு என்ன?

இப்போது யாரைக் கேட்டாலும் திரையின் நீல வெளிச்சத்தைத்தான் சொல்வார்கள். அது பொய் இல்லை. இருட்டத் தொடங்கியதும் மூளை மெலடோனின் என்ற சுரப்பைக் கூட்டி, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கிறது. வெளிச்சம் அந்த அறிவிப்பைத் தள்ளிப்போடும். சின்னப் பிள்ளைகளின் கண் இதில் மிகவும் மென்மையானது. அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் படுக்கைக்கு முந்திய ஒரு மணித்தியாலம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டுப் பார்த்தார்கள். மெலடோனின் 88 சதவீதம் குறைந்துபோனது என்று 2018ல் எழுதினார்கள். ஆனால் அங்கே பார்த்தது பத்துப் பிள்ளைகளை மட்டும்தான், பயன்படுத்திய வெளிச்சமும் மேசையடியில் இருந்து நேரே முகத்தில் அடிக்கிற பலத்த வெளிச்சம். ஹோலின் அந்தத் தலையில் நிற்கிற ரீவியின் வெளிச்சம் அந்த அளவுக்கு வராது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிற போன் அதைவிடக் கவலைக்குரியது. உங்கள் ஹோலில் எரிகிற வெள்ளை டியூப் லைற்றும் கவனிக்க வேண்டியதுதான். அதனால் நீல வெளிச்சத்துக்குக் கண்ணாடி வாங்குகிறேன், போனில் மஞ்சள் நிறம் வைக்கிறேன் என்று ஆறுதல்பட்டுக்கொண்டு நாடகத்தை ஓட விடாதீர்கள். உங்கள் வீட்டில் வெளிச்சம் பெரிய குற்றவாளி என்று நான் நினைக்கவில்லை.

பெரியது நேரம். பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்? நீங்களும் இல்லை, மாமியும் இல்லை. எங்கேயோ இருக்கிற ஒரு ஒளிபரப்பு நிலையத்தின் நிகழ்ச்சி அட்டவணை தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நாடகமும் இனி என்ன நடக்கப்போகிறதோ என்கிற இடத்தில்தான் நிற்கும், விளம்பரம் போகும், அடுத்தது தொடங்கும். பெரியவர்களாலேயே எழும்ப முடியாதபடிதான் அது செய்யப்படுகிறது. ஆறரை வயதுப் பிள்ளை தானாக எழும்பிப் போய்ப் படுப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்தது சத்தம். "அவன் ரீவி பார்க்கிறதில்லை, பக்கத்தில் விளையாடிக்கொண்டுதான் இருப்பான்" என்று சொல்லும் தாய்மார் உண்டு. பின்லாந்தில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2006ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ரீவியைப் பார்க்கிற பிள்ளைகளோடு, அது ஓடுகிற இடத்தில் சும்மா இருந்த பிள்ளைகளுக்கும் நித்திரைப் பிரச்சினைகள் கூடுதலாக இருந்தன. நாடகத்தின் சத்தம் ஒரே சீராக இருப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று இடி இடித்தது போல் இசை, ஒரு அலறல், அப்புறம் விளம்பரம் இரண்டு மடங்கு சத்தத்தில். உறங்கப்போன மூளை ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்.

மூன்றாவது, என்ன காட்டுகிறார்கள் என்பது. நஞ்சு வைப்பது, மருமகளைப் படியில் தள்ளுவது, பழிவாங்கப் போகிறேன் என்று கண்ணை உருட்டிச் சொல்வது. நமக்கு அது கதை. மூன்றரை வயது மகளுக்கு அது பக்கத்து வீட்டில் நடக்கிற விசயம். செய்தியும் அப்படித்தான், விபத்தையும் வெள்ளத்தையும் திரும்பத் திரும்பக் காட்டுகிறபோது ஒவ்வொரு தடவையும் புதிதாக நடப்பதாகப் பிள்ளை நினைக்கும். சியாட்டிலில் மிஷல் கேரிசனும் டிமிட்ரி கிறிஸ்டாக்கிஸும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2011ல் எழுதியதில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு விசயம் இருக்கிறது. மாலைக்குப் பிறகு பார்த்ததும் நித்திரையைக் கெடுத்தது, பகலில் பார்த்தாலும் அடிதடி உள்ளதாக இருந்தால் கெடுத்தது. பகலில் பார்த்த அமைதியான நிகழ்ச்சிகளால் அப்படி ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆட்கள் 565 பிள்ளைகளை வைத்து, ரீவியைக் குறைக்கச் சொல்லாமல், பார்க்கிறதை மட்டும் மாற்றச் சொல்லிப் பார்த்தார்கள். அதிலேயே நித்திரை திருந்தியது. இதனால்தான் ரீவியை வீட்டை விட்டுத் தூக்குங்கள் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் பார்த்தால் பார்க்கட்டும். மகளுக்கு மட்டும் அளவு கவனம். மூன்று, நான்கு வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது.

இனி மாமி. தங்கை, இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக என்னோடு இருங்கள்.

உங்கள் மாமி சொல்வது பொய் இல்லை. ஆனால் அவ சொல்கிற ரீவியும் இன்றைக்கு ஹோலில் நிற்கிற ரீவியும் ஒன்று இல்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ல், ரூபவாஹினி தொடங்கியது 1982ல். அந்தக் காலத்தில் அலைவரிசைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். இரவு ஒரு நேரத்தில் ஒளிபரப்பு முடிந்துவிடும், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. நானும் இந்த ஊரில் வளர்ந்தவள்தான். ஊரடங்கும் கரண்ட் இல்லாத இரவுகளும் குப்பி விளக்கும் எங்களை எட்டு மணிக்கே பாயில் போட்டுவிட்டன. உங்கள் கணவரையும் அப்படித்தான் போட்டிருக்கும். அவர் நன்றாக வளர்ந்ததில் அந்த இருட்டுக்கும் பங்கு உண்டு. இதை மாமியிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். "மாமி, அந்த நாளில இவர் எத்தனை மணிக்குப் படுப்பார்?" என்று கேளுங்கள். அவவே சொல்லுவா.

அவவின் மகன் வெளிநாட்டில். மருமகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் வேலையில். அந்த நான்கு மணித்தியாலம் அவவுக்கு ஆள் துணை மாதிரி. அதைப் பறித்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும், சண்டை நடக்கிற ஹோலில் பிள்ளை அதைவிட மோசமாகத்தான் தூங்கும். அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று, ரீவியையும் பாயையும் பிரியுங்கள். மாமி படுக்கிற அறையில் பிளக் இருந்தால் ரீவி அங்கே போகட்டும், அவ கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கட்டும். அது சரிவராவிட்டால் பிள்ளைகளின் பாய் அறைக்குள் போகட்டும், ஒரு மேசை ஃபேன் வாங்கிப் போடுங்கள். செலவு என்று பார்த்தால் இந்த முழு வைத்தியத்துக்கும் அந்த ஃபேன் ஒன்றுதான் செலவு. கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்தால் போதும். ஏழு மணியிலிருந்து பிள்ளைகள் படுக்கும்வரை ரீவியை நிறுத்திவைத்தால் நாடகம் தவறிப்போகிறதே என்று அவ கவலைப்பட்டால், மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு போனில் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் எல்லா நாடகங்களும் யூடியூப்பில் கிடைக்கின்றன.

அந்த ஏழு மணியிலிருந்து எட்டரைவரை மாமிக்கு ஒரு வேலையும் கொடுங்கள், அது அவவால் மட்டும்தான் முடியும். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு எப்படி வந்தது, கன்னியாவில் ஏழு கிணறு ஏன் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் சூடு ஏன் வேறு வேறு என்று அப்பம்மா சொன்னால் பிள்ளைகள் கேட்கிற விதமே வேறு. கதை கேட்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம், ரீவியை அப்படிப் பார்க்க முடியாது. ஒரே கதையைத் தினமும் கேட்டால் அலுக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தது என்ன என்று தெரிந்த கதைதான் பிள்ளையைச் சீக்கிரம் உறங்க வைக்கும்.

இப்போது நேரத்தை மாற்றுவது. இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். கடிதத்தை வாசித்துவிட்டு இன்றைக்கே எட்டரைக்கு லைற்றை நிறுத்தினீர்கள் என்றால் மகன் இரண்டு மணித்தியாலம் இருட்டில் புரண்டுகொண்டு கிடப்பான். தண்ணீர் கேட்பான், மூத்திரம் வருகிறது என்பான், கடைசியில் அடி வாங்குவான். பாய் என்றாலே சண்டை என்று அவன் மனதில் பதிந்துவிடும். உடம்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்கு 2017ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மணிக்கூட்டின் முள்ளை ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் திருப்ப முடியாது. பத்தரையில் இருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பத்தேகால், அடுத்த இரண்டு மூன்று நாள் பத்து மணி, இப்படிக் கால் மணித்தியாலமாகக் குறைத்து வாருங்கள். மூன்று கிழமைக்குள் எட்டரைக்கு வந்துவிடலாம். விடுமுறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எழும்புகிற நேரத்தில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். சப்பாத்து, சீருடை, புத்தகப்பை எல்லாம் இரவே எடுத்து வைத்தால் ஐந்தே முக்காலை ஆறு மணியாக்கலாம். பிறகு அந்த ஆறு மணி நிலையாக நிற்க வேண்டும். சனி, ஞாயிறில் ஏழு மணிக்கு மேல் விட வேண்டாம். எட்டரையிலிருந்து ஆறுவரை ஒன்பதரை மணித்தியாலம், அவனுக்கு அது போதும். எழும்பியதும் முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள். நாங்கள் கிழக்குக் கரையில் இருக்கிறவர்கள், சூரியன் கடலில் இருந்து நேரே எங்கள் வாசலுக்கு வருகிறது. அந்தக் காலை வெளிச்சம் தினமும் கண்ணில் பட்டால் உள்ளே இருக்கிற மணிக்கூடு மெல்ல முன்னுக்குத் திரும்பும், இரவு நித்திரை முந்தி வரவும் அது உதவும். பல் தீட்டுவதை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரியூசன் இல்லாத நாளில் படுத்தால் அரை மணித்தியாலத்தில் எழுப்பிவிடுங்கள், மூன்றரைக்குப் பிறகு படுக்க விடாதீர்கள். முதல் கிழமை சிணுங்குவான். எழுப்பியதும் வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான் வழி. டச்சு பேக் கடற்கரையோ, உட்துறைமுக வீதியோ, எது கிட்டவோ அங்கே ஒரு மணித்தியாலம் ஓடட்டும். (தரம் ஒன்றுப் பிள்ளைக்குக் கிழமையில் மூன்று நாள் ரியூசன் எதற்கு என்று கேட்க எனக்கு மனம் துடிக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் ஒரு நாளையாவது குறைக்க முடியுமா என்று பாருங்கள்.)

பின்னேரம் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எங்கள் வீடுகளில் ஐந்து மணிக்கு எல்லோருக்கும் ஊற்றுகிறபோது பிள்ளைக்கும் ஒரு கோப்பை போகும். பெரியவர் உடம்பிலேயே தேத்தண்ணியின் கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆறு வயதுக்கு அது வேண்டவே வேண்டாம். பால் கொடுங்கள், இல்லாவிட்டால் கஞ்சி. அப்புறம் எங்கள் ஊர் வெக்கை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரவிலும் சுவர் சுடும். உடம்பின் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் நித்திரை பிடிக்கும், அதனால் படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் மேல் கழுவி, மெல்லிய பருத்தி உடுப்புப் போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் டியூப் லைற்றை நிறுத்திச் சின்ன மஞ்சள் பல்ப் ஒன்றைப் போடுங்கள். கழுவுவது, உடுப்பு மாற்றுவது, கதை, நுளம்பு வலை, லைற் நிறுத்துவது என்று தினமும் ஒரே ஒழுங்கில் நடந்தால், இரண்டாம் கிழமையில் வலையை இறக்குகிறபோதே மகள் கொட்டாவி விடுவதைப் பார்ப்பீர்கள்.

மகளைப் பற்றி நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நடு இரவில் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு கத்துவதையும் தாயைத் தெரியாமல் தள்ளுவதையும் ஒரு தடவை பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் இது நாங்கள் இரவுத் திகில் என்று சொல்கிறது. படுத்து ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள், ஆழ்ந்த நித்திரையில் இருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழித்துக்கொண்ட நிலை. பிள்ளை கத்தினாலும் அவள் கனவு காணவில்லை, விடிந்தால் ஒன்றும் நினைவிருக்காது. கெட்ட கனவு வேறு. அது விடியப்புறமாக வரும், பிள்ளை முழுதாக விழித்து உங்களைக் கட்டிப்பிடிக்கும், கண்டதைச் சொல்லும். நாடகத்தில் பார்த்த முகம் அப்படித்தான் வந்து நிற்கும். இரவுத் திகில் பெரும்பாலும் வளர வளரத் தானாகப் போய்விடும். நித்திரை குறைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் கூடும். உங்கள் மகளுக்கு நித்திரைக்குறை இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

அந்த நேரத்தில் அவளை உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், அது இன்னும் நீளும். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், மெல்லிய குரலில் ஏதாவது சொல்லுங்கள். சில நிமிசத்தில் தானாகச் சரிந்து படுப்பாள். காலையில் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவோ, அவள் காதுபட அயலவருக்குச் சொல்லவோ வேண்டாம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது என்றால், அந்த நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்பு மெதுவாகத் தட்டி, கண் சிமிட்டியதும் மறுபடி படுக்க விடுங்கள். சில கிழமை செய்தால் பல பிள்ளைகளுக்கு நின்றுவிடும். மாமி கட்டிய நூல் இருக்கட்டும். அது அவவின் அன்பு. கழுத்தில் கட்டியிருந்தால் மட்டும் அவிழ்த்துக் கையில் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள், நித்திரையில் இறுகிவிடக் கூடாது.

தடிமன் பாணிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். தூக்கம் வருவது அந்த மருந்தின் பக்கவிளைவு. அதை நித்திரை மருந்தாகக் கொடுத்தால் சில பிள்ளைகள் மறுநாள் முழுக்க மந்தமாக இருப்பார்கள், சிலர் நேர்மாறாகப் படபடத்து இன்னும் துள்ளுவார்கள், அளவு கூடினால் ஆபத்து. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்கிறார். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். மெலடோனின் குளிசையையும் வைத்தியர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

சில விசயங்கள் இருந்தால் மூன்று கிழமை பார்க்கலாம் என்று நிற்கக் கூடாது. பெரும்பாலான இரவுகளில் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புவது இருந்தால் மூக்கின் பின்பக்கச் சதையோ தொண்டைச் சதையோ வளர்ந்திருக்கலாம். பிள்ளை வெளிறிப்போய், படுத்ததும் காலை உதறிக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். நித்திரையில் கை கால் ஒரே சீராக வெட்டி இழுப்பது, வாய் கோணுவது, நாக்கைக் கடிப்பது வலிப்பாக இருக்கலாம், முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள், வீடியோ எங்களுக்குப் பெரிய உதவி. படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால் அன்றைக்கே காட்டுங்கள். மற்றவற்றுக்கு உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் கிளினிக்குக்கு அனுப்புவார், தேவைப்பட்டால் அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு.

கடைசியாக உங்கள் கணவரின் கோல். எதை நிறுத்துவது என்று நீங்கள் கேட்டதில் இதை மட்டும் நிறுத்தவே கூடாது. தகப்பன் முகத்தைப் பார்க்கிறது அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு மாதிரி. நேரத்தை மாற்றினால் போதும். இங்கே இரவு ஒன்பதரை என்றால் கட்டாரில் ஏழு மணி, அவர் வேலை முடிந்து அறைக்கு வந்து எடுக்கிறார் என்று நினைக்கிறேன். இங்கே பின்னேரம் இரண்டரை என்றால் அங்கே மதியம் பன்னிரண்டு, சாப்பாட்டு இடைவேளையாக இருந்தால் பத்து நிமிசம் கிடைக்கும். மகனும் அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான். அதுவும் முடியாத நாளில் இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகள் ஒரு குரல் செய்தி போட்டுவிட்டுப் படுக்கட்டும், அவர் திருப்பி அனுப்புவதைக் காலையில் முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டு கேட்கலாம். ஒன்பதரைக்கு நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசுங்கள், அதுவும் வேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாளாக இருந்தால் ஐந்து மணிக்குப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் அங்கிருந்து கோல் எடுங்கள். அங்கே அவருக்கு மதியம் இரண்டரை. போனைத் திருப்பிப் பிடித்தால் அவரும் கடலைப் பார்ப்பார்.